இஞ்சியா, மில்லிமீற்றரா? சொக்கெட் அளவுகளை மாற்றிப் போட ஒரு முழு வழிகாட்டி

பெரும்போக உழவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. படுவான்கரையில் மாமாவின் வளவில் நின்ற மெசி பெர்குசன் 135 உழவு மிசினில் ஒரு சின்னப் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்காக வாங்கிய சொக்கெட் செட்தான் கையில் இருந்தது. 12 ஐப் போட்டேன், ஏறவில்லை. 13 ஏறியது. ஏறினால் சரி என்று நினைத்துப் பலமாக இழுத்தேன். சொக்கெட் வழுக்கிச் சுற்றியது. எடுத்துப் பார்த்தால் போல்ட் தலையின் ஆறு மூலையும் மழுங்கிக் கிடந்தது.

மாமா குனிந்து பார்த்துவிட்டு, "மகன், இது அரை இஞ்சித் தலை. 13 உள்ளுக்குப் போகும், ஆனா பிடிக்காது. மறுகா இதை வெல்டிங் வைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். அப்படியே ஆனது. ஒரு முழுப் பகல் போனது.

12.7 மில்லிமீற்றர் தலையில் 13 ஐப் போட்டதுதான் நான் செய்த பிழை. வித்தியாசம் வெறும் 0.3 மில்லிமீற்றர். எத்தனை மில்லிமீற்றர் வித்தியாசம் பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். அதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்தில் ஏன் இந்தக் குழப்பம்

வயலில் நிற்கும் பழைய மெசி பெர்குசன் 35, 135 எல்லாம் இங்கிலாந்து அளவில் பிறந்தவை. 135 வந்தது 1964 இன் கடைசியில். அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் 1948 இல் ஒரே மரைக்கு (போல்ட்டில் சுற்றி ஓடும் புரிக்கு) ஒத்துக்கொண்டதால், அந்த இயந்திரங்களில் பெரும்பாலும் யூஎன்எஃப் (நுண்மரை), யூஎன்சி (பெருமரை) என்ற இஞ்சிப் போல்ட்டுகள்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே நிற்கும் இரண்டு சக்கர உழவு மிசின், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், யப்பான் வான் எல்லாம் மில்லிமீற்றர். வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ படகு வைத்திருப்பவருக்கு யமஹா என்றால் மில்லிமீற்றர். பழைய ஜோன்சன், எவின்ரூட் வெளியிணைப்பு இயந்திரம் என்றால் இஞ்சி. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும், ஒரே தகரப் பெட்டியில் இரண்டு சொக்கெட்டும் கலந்து கிடக்கும்.

முதலில்: அந்த எண் எதை அளக்கிறது

சொக்கெட்டில் பொறித்திருக்கும் எண், போல்ட் தலையின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்த் தட்டைப் பக்கம் வரையுள்ள தூரம். மூலைக்கு மூலை அல்ல. போல்ட்டின் தடிப்பும் அல்ல. கடையில் "எட்டு எம்எம் போல்ட்" என்றால் தண்டின் தடிப்பு 8. அதன் தலைக்கு 13 சொக்கெட் வேண்டும். யப்பான் வாகனத்தில் அதே 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குத் தலை 12 ஆக இருக்கும். 10 மில்லிமீற்றர் தண்டுக்கு யப்பானில் 14, ஜெர்மன் பழைய முறையில் 17, இப்போதைய சர்வதேச முறையில் 16. இஞ்சியிலும் இப்படித்தான்: கால் இஞ்சித் தண்டுக்குத் தலை 7/16, 5/16 தண்டுக்கு அரை, 3/8 தண்டுக்கு 9/16, அரை இஞ்சித் தண்டுக்கு முக்கால். இதைப் புரியாமல் போல்ட்டின் தடிப்பை அளந்துகொண்டு போய் சொக்கெட் கேட்டால் ஒன்றும் பொருந்தாது.

இன்னொன்று, சொக்கெட்டின் பின்பக்கத்துச் சதுரத் துளை. அது உலகம் முழுக்க இஞ்சிதான்: 1/4, 3/8, 1/2, 3/4, 1. மில்லிமீற்றர் சொக்கெட்டுக்கும் அரை இஞ்சி ரட்செட்தான் (சொக்கெட்டைச் சுற்றும் கைபிடி) போடுகிறோம். ஆகவே செட் பெட்டியில் "1/2" என்று எழுதியிருப்பதைக் கண்டு அது இஞ்சி செட் என்று எண்ணிவிடக் கூடாது.

போல்ட் எந்த இனம்

தலையைச் சுத்தம் செய்யாமல் அளக்காதீர்கள். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, சேறும் பெயின்டும் கிறீஸும் போன பிறகு தலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். 8.8, 10.9 என்ற மாதிரி எண் இருந்தால் மில்லிமீற்றர் போல்ட். எண் இல்லாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கோடுகள் இருந்தால் இஞ்சி. மூன்று கோடு நடுத்தர பலம், ஆறு கோடு அதிக பலம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் வட்டங்கள் வரிசையாக இருந்தால் அது பிரித்தானிய யூஎன்எஃப் அல்லது யூஎன்சி. மெசி பெர்குசனில் தேடினால் கண்ணில் படும்.

ஆனால் இயந்திரத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஐம்பது வருடம் உழைத்த மிசினில் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டிருப்பார்கள். ஒரே மூடியில் நாலு போல்ட் இஞ்சியும் ஒன்று மில்லிமீற்றருமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடையாளம் ஒன்றும் இல்லையென்றால் வேர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். மூன்று தட்டைப் பக்க சோடிகளையும் தனித்தனியாக அளந்து, மிகப் பெரிய எண்ணை எடுங்கள். சிறிய எண் பெரும்பாலும் தேய்மானத்தின் எண். கடலோரத்தில் இது இன்னும் முக்கியம். கல்முனை, பாசிக்குடாப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற போல்ட்டின் தலை கறள் தின்று அரை மில்லிமீற்றர் கூடக் குறைந்திருக்கும். அப்போது 17 தலை 16.5 என்று காட்டும், நீங்கள் ஏதோ இஞ்சி அளவென்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சுத்தமான புதுத் தலைகூட, பெயரளவைவிட (அதற்குச் சொல்லும் அளவைவிட) ஒரு மயிரிழை சிறிதாகத்தான் இருக்கும்.

கணக்கு

ஒரு இஞ்சி 25.4 மில்லிமீற்றர். 1959 இல் அப்படித் துல்லியமாக வரையறுத்துவிட்டார்கள், அதற்குப் பின் புள்ளியில்கூட மாற்றமில்லை. பின்னத்தை 25.4 ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர் வரும்.

நம் ஊரில் தச்சரும் மேசனும் நூல் கணக்குப் பேசுவார்கள்: எட்டு நூல் ஒரு இஞ்சி. அதுவே இங்கேயும் உதவும். ஒரு நூல் 3.175 மில்லிமீற்றர். சொக்கெட் அளவுகளோ அரை நூல் கணக்கில், அதாவது 1/16 கணக்கில் ஏறுகின்றன. அரை நூல் 1.5875. இதை 1.6 என்று வைத்துக்கொண்டு வாயாலேயே பெருக்கலாம்:

பின்னத்தின் கீழ் எண்ணை 16 ஆக்குங்கள். மேல் எண்ணை 1.6 ஆல் பெருக்குங்கள். வந்த விடையில் நூறில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

9/16 என்றால் 9 × 1.6 = 14.4. அதில் 0.14 கழித்தால் 14.26. சரியான விடை 14.29. முக்கால் இஞ்சி என்பது 12/16. 12 × 1.6 = 19.2, கழித்தால் 19.0. வயலில் நின்றுகொண்டு இதைவிட வேறென்ன துல்லியம் வேண்டும்.

எதிர்ப்பக்கமாக, மில்லிமீற்றரை 0.63 ஆல் பெருக்கினால் எத்தனை 1/16 என்று வரும். இதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் பதிலைப் பார்த்தவுடனே பொருந்துமா பொருந்தாதா என்று தெரிந்துவிடும். 19 × 0.63 = 11.97. முழு எண்ணான 12 க்கு ஒட்டி நிற்கிறது, அதனால் 12/16, அதாவது முக்கால் இஞ்சி பொருந்தும். 8 ஐப் பெருக்கினால் 5.04, ஆகவே 5/16. 27 க்கு 17.01, அது ஒன்றும் 1/16 உம். 17 ஐப் பெருக்கினால் 10.71. அது 10 க்கும் 11 க்கும் நடுவில் தொங்குகிறது. அதற்கு இஞ்சியில் சோடி இல்லை.

இப்போது யப்பான் வாகனத்தில் அடிக்கடி கைக்கு வரும் அளவுகளை எடுத்துப் பாருங்கள். 10 க்கு 6.3, 12 க்கு 7.56, 14 க்கு 8.82, 17 க்கு 10.71. ஒன்றும் முழு எண்ணில் வந்து நிற்பதில்லை. மெசி பெர்குசனில் அடிக்கடி வரும் 7/16, 1/2, 9/16, 3/4 எடுத்தால் 11.11, 12.7, 14.29, 19.05. அதாவது இரண்டு பக்கத்திலும் நாளாந்தம் பயன்படும் அளவுகளில் உண்மையாகச் சந்திப்பது 19 உம் முக்கால் இஞ்சியும் மட்டும்தான். "எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால், அவர் முக்கால் இஞ்சியில் வேலை செய்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுகிறார்.

எது பெரிது, சொக்கெட்டா போல்ட்டா

மாற்றுப் பட்டியல்கள் பல இடங்களில் "7/16 = 11" என்று ஒரு சமக்குறி போட்டு முடித்துவிடும். அந்தச் சமக்குறிதான் ஆளை ஏமாற்றுவது. 7/16 சொக்கெட் 11.11. அதை 11 தலையில் போடலாம், கொஞ்சம் ஆட்டத்தோடு வேலை செய்யும். ஆனால் 11 சொக்கெட் 7/16 தலையில் ஏறவே ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் சொக்கெட்டுக்குள் தலை இறுகிவிடும். ஒரே சோடி, இரண்டு வேறு பதில்.

ஆகவே எப்போதும் சொக்கெட்டின் அளவிலிருந்து தலையின் அளவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஆட்டம். அந்த ஆட்டம் தலையளவில் எத்தனை வீதம் என்று பாருங்கள். 24 தலையில் 0.2 ஆட்டம் ஒன்றுமில்லை. 10 தலையில் அதே 0.2 கவனிக்க வேண்டியது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு வீதத்துக்குள் என்றால் துணிந்து போடலாம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் என்றால் இலேசான வேலைக்கு மட்டும், ஏற்கெனவே தளர்ந்த நட்டைச் சுற்றி எடுக்க. இரண்டு வீதத்தைத் தாண்டினால் தொடவே வேண்டாம்.

ஆட்டம் கூடினால் ஏன் மழுங்குகிறது என்றால், சரியான சொக்கெட்டின் சுவர் தலையின் தட்டைப் பக்கத்தில் படுகிறது. பெரிய சொக்கெட் முதலில் சற்றுச் சுற்றி, பிறகு மூலையில் மட்டும் பிடிக்கிறது. முழுப் பக்கமும் தாங்க வேண்டிய பலத்தை ஒரு கோடு போன்ற மூலை தாங்குகிறது. அது எப்படி நிற்கும்?

நம்பிப் போடக்கூடியவை:

5/16 தலைக்கு 8 சொக்கெட் (தலை 7.94)
5/8 தலைக்கு 16 (15.88)
3/4 க்கும் 19 க்கும் இருபக்கமும் (19.05)
15/16 தலைக்கு 24 (23.81)
1 1/16 க்கும் 27 க்கும் இருபக்கமும் (26.99)
1 1/4 தலைக்கு 32 (31.75)

முக்கால் இஞ்சி 19 ஐவிட 0.05 பெரிதுதானே, 19 சொக்கெட் எப்படி ஏறும் என்று கேட்கலாம். சொக்கெட்டைப் பெயரளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் தலையைக் கொஞ்சம் சிறிதாகவும்தான் செய்கிறார்கள். தலை சுத்தமாக இருந்தால் ஏறும். பெயின்ட் தடிப்பாக இருந்தால் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மட்டும், அதுவும் இலேசான வேலைக்கு: 11 தலைக்கு 7/16 சொக்கெட், 22 தலைக்கு 7/8 சொக்கெட். இரண்டும் சரியாக ஒரு வீத எல்லையில் நிற்பவை. இரண்டையும் திருப்பிப் போட முடியாது. 13/16 தலையில் 21 சொக்கெட் 1.8 வீதம், தளர்ந்ததைச் சுற்றலாம், இறுக்கக் கூடாது.

ஒருநாளும் வேண்டாதவை: அரை இஞ்சித் தலையில் 13 (2.4 வீதம்), 3/8 தலையில் 10 (5 வீதம்), 9/16 தலையில் 15 (5 வீதம்), 17 தலையில் 11/16 (2.7 வீதம்). 14 தலையில் 9/16 இரண்டு வீதத்தைத் தொடுகிறது; அதையும் நான் இந்தப் பக்கம்தான் சேர்ப்பேன், ஏனென்றால் யப்பான் வாகனத்தில் 14 வரும் இடமெல்லாம் பலமாக இறுக்கிய இடம்.

ஸ்பார்க் பிளக்கில் மட்டும் குழப்பம் இல்லை. பழைய பெரிய பிளக்கின் தலை 20.8 மில்லிமீற்றர், 13/16 பிளக் சொக்கெட்டும் 21 பிளக் சொக்கெட்டும் அதே பிளக்குக்காகச் செய்தவை. சிறிய பிளக்குக்கு 5/8 என்றாலும் 16 என்றாலும் ஒன்றே.

அலன் சாவி (தலையின் அறுகோணக் குழிக்குள் போகும் சாவி) வைத்திருப்பவர்கள் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே கருவி உள்ளே போகிறது, ஆகவே கருவி சிறிதாக இருந்தால்தான் ஆட்டம். 5/32 சாவியும் 4 மில்லிமீற்றர் சாவியும் ஒன்றுக்கு ஒன்று உதவும். 5/16 உம் 8 உம் அப்படியே.

இஞ்சிக்குள் இன்னொரு இஞ்சி

பழைய லிஸ்டர் போன்ற இங்கிலாந்து நீர்ப்பம்பு இயந்திரத்தைத் திறந்தால் இஞ்சி சொக்கெட்டும் பொருந்தாமல் ஆளைத் திகைக்க வைக்கும். அது விட்வேர்த் அளவு. ஜோசப் விட்வேர்த் 1841 இல் முன்வைத்த முறை. அதில் சாவியில் (ஸ்பனரில்) எழுதியிருப்பது தலையின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் தடிப்பு. 1/4 என்று பொறித்த விட்வேர்த் சாவியின் வாய் உண்மையில் 13.3 மில்லிமீற்றர். 5/16 க்கு 15.2, 3/8 க்கு 18.0, 7/16 க்கு 20.8, அரைக்கு 23.4. பிஎஸ்எஃப் என்ற நுண்மரைப் போல்ட்டுக்கு ஒரு படி சிறிய தலை; அதனால்தான் ஒரே சாவியில் "1/4 விட்வேர்த், 5/16 பிஎஸ்" என்று இரண்டும் எழுதியிருக்கும். 3/8 விட்வேர்த் தலைக்கு 18 மில்லிமீற்றர் சொக்கெட் அழகாகப் பொருந்தும். 7/16 க்கு 21 போட்டுப் பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தெரிந்தவரிடம் பழைய சாவியை இரவல் வாங்குவதுதான் நல்லது.

சொக்கெட்டை மாற்றலாம், போல்ட்டை மாற்றக் கூடாது

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போகும் பணம் பெரியது. 5/16 போல்ட்டின் தடிப்பு 7.94, எம்8 என்ற மில்லிமீற்றர் போல்ட்டின் தடிப்பு 8. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் எம்8 இல் மரைக்கு மரை 1.25 மில்லிமீற்றர், 5/16 யூஎன்சி இல் இஞ்சிக்கு 18 மரை, அதாவது 1.41, யூஎன்எஃப் இல் இஞ்சிக்கு 24, அதாவது 1.06. ஒன்றை மற்றதன் துளையில் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். "கொஞ்சம் கறள்" என்று நினைத்துச் சாவியைப் போட்டு இழுத்தால் இயந்திரத்தின் வார்ப்பு உடலிலுள்ள மரை உரிந்துவிடும். போல்ட் நாலு காசு, வார்ப்பு அப்படியல்ல. கையால் ஐந்தாறு சுற்றுப் போகாத எந்தப் போல்ட்டையும் சாவியால் தள்ள வேண்டாம். சந்தேகம் என்றால் தெரிந்த நட்டு ஒன்றைக் கையால் அதில் சுற்றிப் பாருங்கள். ஹாட்வெயார் கடைக்குப் போகும்போதும் அளவைச் சொல்லாமல் பழைய போல்ட்டையே கொண்டு போங்கள்.

ஏற்கெனவே மழுங்கிவிட்டதா

மாமாவின் போல்ட்டுக்கு அன்று வெல்டிங் போட்டோம். பிறகுதான் தெரிந்தது அதற்கு முன் செய்யக்கூடியது எவ்வளவோ இருந்தது என்று. இங்கேதான் இஞ்சியும் மில்லிமீற்றரும் கலந்து கிடப்பது நமக்கு உதவியாகிறது. மழுங்கிய அரை இஞ்சித் தலைக்கு, அதைவிடச் சிறிய 12 சொக்கெட்டைத் தட்டி ஏற்றலாம். மழுங்கிய 10 க்கு 3/8. மழுங்கிய 15 க்கு 9/16. ஏறுமட்டும் அரத்தால் பக்கங்களை ஒரேயளவாகச் சற்றுத் தேய்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆறு முனைச் சொக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு முனைச் சொக்கெட் ஏற்றுவதற்கு இலகு, ஆனால் மூலைக்குப் பக்கத்திலேயே பிடிப்பதால் கறள் போல்ட்டுக்கு உதவாது. சொக்கெட்டும் பழையதாக இருக்கட்டும். அடித்து ஏற்றியதைத் திரும்ப எடுக்கையில் அதற்குக் காயம் வரும்.

இழுப்பதற்கு முந்தின இரவே கறள் நீக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரம் என்றால் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. மரைக்குள் இறுகிய கறள் உடையும். தலையைச் சூடாக்கிக் கழற்ற நினைத்தாலும், எரிபொருள் பக்கத்தில் தீ காட்ட வேண்டாம். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சிறு அசைவு கொடுத்து, அப்புறம் கழற்றும் பக்கமாக இழுங்கள். நான் பார்த்த அளவில் இதுதான் அதிக போல்ட்டுகளைக் காப்பாற்றியது.

என்ன வாங்குவது

உழவு மிசின் வைத்திருப்பவர் மில்லிமீற்றரில் 8, 10, 11, 12, 13, 14, 16, 17, 18, 19, 21, 22, 24, 27, 32 வைத்திருந்தால், இஞ்சியில் முழுச் செட் வாங்கத் தேவையில்லை. 7/16, 1/2, 9/16, 11/16, 13/16, 7/8, 1, 1 1/8 என்ற எட்டைத் தனித்தனியாக, ஆறு முனையில், அரை இஞ்சி ரட்செட்டுக்கு ஏற்றதாக வாங்குங்கள். மற்றவற்றில் பெரும்பாலானதை மில்லிமீற்றர் பார்த்துக்கொள்ளும். பெரிய விலைக்குப் பெரிய செட் வாங்கி அதில் பாதி கைபடாமல் கிடப்பதைவிட, இந்த எட்டும் நல்ல உருக்கில் இருப்பது மேல். வாங்கும்போது வேர்னியரைக் கொண்டுபோய் உள்வாயை அளந்து பாருங்கள். ஒருமுறை நான் வாங்கிய மலிவுச் செட்டில் 12 என்று பொறித்திருந்தது 12.5 ஆக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இஞ்சி சொக்கெட் எல்லாவற்றுக்கும் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு. எங்கள் மிசினில் இஞ்சிப் போல்ட் இருக்கும் இடங்களிலும் அதே சிவப்பில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். இப்போது யார் வந்து கழற்றினாலும் சிவப்புக்குச் சிவப்பு எடுத்துப் போடுகிறார்கள். மாமாவும் அப்படித்தான் கேட்கிறார், "அந்தச் சிவப்பு அரையை எடு மகன்" என்று.